காது முளைத்த முக்கோணம்

முக்கோணத்துக்கு எத்தனை மூலை என்று வாத்தியார் கேட்டால் யோசிக்காமல் மூன்று என்று சொல்லிவிடுங்கள் கண்ணுகளா. நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன். அதனால் எங்கள் அத்தை மறுபடியும் மில்லுக்குப் போயிருக்க வேண்டியது. எங்கள் ஊருக்கு வரவிருந்த வேலை கீழேயே நின்றுபோயிருக்க வேண்டியது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுகிறேன், எழுத்தில் குறை இருக்கும். நடந்ததில் குறை வைக்காமல் சொல்கிறேன்.

அப்போது நான் ஐந்தாவது முடித்து, முழுப் பரீட்சை லீவில் இருந்தேன். எங்கள் ஊர் மலைமேல், தேவனூர் நாட்டில். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபது வயது. இரண்டு வருஷமாகக் கீழே ஒரு நூல் மில்லில் வேலை செய்தாள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே ஹாஸ்டலில்தான். மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு கேட்டு ஊருக்கு வந்திருந்தாள். லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில் மில் வேன் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் வந்து நிற்கும். அதில் ஏறிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

எனக்கு மில் என்றால் கொள்ளை ஆசை. அங்கே தலைக்கு மேலே ஃபேன் சுற்றுமாம், ஹாஸ்டலில் டிவி இருக்குமாம், ஞாயிற்றுக்கிழமை பூரியாம். இப்படிப்பட்ட இடத்தை விட்டு வந்த அத்தை நாள் முழுக்க வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தூங்கும்போதும் கதவைச் சாத்த விடமாட்டாள். குளிர் தாங்காமல் நான் கத்துவேன். "மில்லுல சன்னல் தொறக்க மாட்டாங்க சாமி, நூல் பறந்துரும்னு" என்பாள். அதற்கும் எங்கள் வீட்டுக் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதுண்டு.

அத்தைக்கு மில்லுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவள் போனால் எனக்கும் நஷ்டம்தான். மரத்தில் எந்தப் பலா பழுத்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லக்கூடியவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்தி.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். மாமா என் அம்மாவின் தம்பி. கரூரில் போர்வை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் துணி வெட்டும் மெஷினில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கியவர், சட்டைக்குள்ளிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்துப் பாயில் வைத்தார். கூடவே ஒரு சதுர அட்டை. ஒவ்வொரு கவரிலும் பதினேழு துணித் துண்டு. நடுவுக்கு ஒரு பெரிய சிவப்புச் சதுரம். மூலைக்கு நான்கு வெள்ளைச் சதுரம். நான்கு பெரிய வெள்ளை முக்கோணம். எட்டுச் சின்னச் சிவப்பு முக்கோணம். எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் தைத்தால் ஒரு கட்டம் வரும். கட்டத்துக்குள் எட்டு முனையுள்ள ஒரு சிவப்பு நட்சத்திரம். அப்படிப் பல கட்டங்களைச் சேர்த்தால் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை.

"ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் நூல் அளவு வித்தியாசம் இருக்காதுக்கா" என்று மாமா அம்மாவிடம் பெருமையடித்தார். "கத்தரியால வெட்டினது இல்ல. இரும்புப் பட்டையில அச்சு. துணிய அடுக்கி வெச்சு, மேல அச்ச வெச்சு ஒரு அமுக்கு. அம்புட்டுத்தான்."

ஈரக் களிமண்ணில் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கி வட்டம் வட்டமாய் எடுப்பீர்களே, அதே வேலைதான்.

விஷயம் இதுதான்: ஒரு கட்டத்தைச் சரியாகத் தைத்துக் காட்டினால், கம்பெனி எங்கள் ஊருக்குத் துணிக்கட்டு அனுப்பும். வீட்டில் உட்கார்ந்தே தைக்கலாம். அத்தை மில்லுக்குப் போக வேண்டாம். அப்பாவும் அதற்குச் சம்மதித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மில் வேன் வருவதற்கு முந்தின நாள், மாமாவோடு செக்கிங் அக்கா ஒருவர் வந்து பார்ப்பார். ஒரு கவர் பழகுவதற்கு, இன்னொன்று காட்டுவதற்கு.

"மூணு விசயம் சொல்லிர்றேன்" என்றார் மாமா. "தைச்ச கட்டம் இந்த அட்டை மேல வெச்சா ஓரத்துக்கு ஓரம் உக்காரணும். துண்டு மேல கத்தரி படக்கூடாது. அப்புறம், சின்னப் பசங்கள இந்தப் பக்கமே விடாதீங்க. அதுல ரொம்பக் கண்டிப்பு."

மூன்றாவதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். அப்போது என் கை முழுக்கப் பலாப்பால். ஏன் கண்டிப்பு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பலாப்பால் துணியில் ஒட்டினால் சீமெண்ணெய் போட்டாலும் போகாதே! அம்மாவும் அன்றிலிருந்து கட்டம் தைத்து முடிகிறவரை வீட்டில் பலாப்பழம் அறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். முக்கோணங்களின் கூர்முனைகள் கூராக இல்லை. கொஞ்சம் வெட்டுப்பட்டு மொண்ணையாக இருந்தன.

"மாமா, முனையெல்லாம் எங்க?"

"எலி கடிச்சிருச்சு சாமி" என்று சொல்லிவிட்டு மாமா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அத்தனை முக்கோணத்திலும் ஒரே மாதிரி கடிக்கிற எலி ஏது? அச்சு மழுங்கிப் போயிருக்கிறது, மாமா அதைப் பூசி மெழுகுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் கவரை அம்மா எடுத்துக்கொண்டாள். அதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. எங்கள் ஊரில் மிளகு மூட்டை தைப்பதென்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். மிளகு உருண்டை, கொஞ்சம் இடம் கிடைத்தால் ஓடிவிடும். அதனால் சாக்கின் வாயை ஒரு விரல் அகலம் உள்ளே மடித்து, இரண்டு முறை போய்வந்து தைப்பாள். தைத்த பிறகு இரண்டு ஆம்பிளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். அம்மா தைத்த மூட்டை ஒன்றுகூடப் பிரிந்ததில்லை.

அந்தக் கை துணியிலும் அப்படியே வேலை செய்தது. இரண்டு நாளில் கட்டம் முடிந்தது. கல் மாதிரி உறுதி. ஆனால் அட்டை மேல் வைத்தபோது நான்கு பக்கமும் அட்டை வெளியே தெரிந்தது. நட்சத்திரத்தின் முனையெல்லாம் தையலுக்குள் போய்விட்டது.

"அண்ணி, நட்சத்திரத்துக்கு மொட்டை போட்டுட்டீங்க" என்றாள் அத்தை.

"அட்டைய பெருசா வெட்டிட்டானுங்க."

"தையல் உள்ள வந்துருச்சுங்க அண்ணி. ஒரு மிளகு உக்கார்ற அகலம் விட்டாப் போதும்."

"மிளகு எங்க அம்மிணி உக்காரும்? அது ஓடும். நீ சொல்ற அகலத்துல தைச்சா, போத்திப் படுக்கறவன் ஒரு பொரளு பொரண்டா போர்வை ரெண்டாப் போயிரும்."

"வெள்ளைக்காரன் மிளகு மூட்டையாட்டம் உருளுவானா அண்ணி?"

"உனக்கென்ன தெரியும்? நீ பாத்தியா அவன் தூங்கறத?"

அப்பா குச்சிக்கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். "ரெண்டாவது கவரு தங்கச்சி தைக்கட்டும். மில்லுக்குப் போறது அவதான்" என்றார். அம்மா இரண்டாவது கவரை அத்தை பக்கம் தள்ளினாள். ஆனால் அத்தை ஊசி குத்துகிற ஒவ்வொரு முறையும் அம்மா பக்கத்தில் நின்று 'ச்சு' கொட்டினாள்.

அத்தை நிதானமாகத் தைத்தாள். இரண்டு துண்டை முகத்தோடு முகம் வைப்பாள், விரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள், ஒரு மிளகு அகலத்தில் நூல் ஓடும். முதலில் சின்ன முக்கோணம் இரண்டைப் பெரிய முக்கோணத்தின் இரு தோளிலும் சேர்த்தாள். அப்படி நான்கு. பிறகு அவற்றை வரிசையாக்கினாள். மூன்று வரிசை. வரிசையோடு வரிசை. சனிக்கிழமை சாயங்காலம் அட்டை மேல் வைத்தாள். ஓரத்துக்கு ஓரம் உட்கார்ந்தது. எட்டு முனையும் ஊசிபோல் நின்றன.

அம்மா குனிந்து பார்த்தாள். "பாக்கறதுக்கு அழகுதான். இழுத்தாத் தாங்குமா?" என்றாள்.

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலையில் அம்மாவும் அத்தையும் விருந்தாளிக்குக் கிழங்கு பிடுங்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அண்ணி சொல்வது சரியா, நாத்தனார் சொல்வது சரியா? இதைத் தீர்த்து வைக்க வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். தீர்க்கிற வழியும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். அவன் ஒரு பக்கம் பிடித்தான், நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் இழு" என்றேன்.

அவன் இரண்டிலேயே இழுத்தான்.

பர்ரென்று சத்தம். அவன் ஓடிவிட்டான். நான் கட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சின்னச் சிவப்பு முக்கோணம் குறுக்கே கிழிந்திருந்தது. ஆனால் தையல்? ஒரு நூல்கூடப் பிரியவில்லை! துணிதான் கிழிந்தது, தையல் தாங்கிவிட்டது. அத்தை ஜெயித்துவிட்டாள். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நிமிஷம்தான் பஸ்ஸின் ஞாபகம் வந்தது.

ஆனாலும் நான் பயந்துபோய் ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை. அம்மா தைத்துக் கெட்டுப்போன முதல் கட்டம் அலமாரியில் கிடந்தது. அதன் நடுச் சதுரம் அதே சிவப்புத் துணி, நல்ல பெரியது. மறுபடியும் ஒருதரம் கை கழுவினேன். ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தேன். அம்மா தைத்த கட்டத்திலிருந்து ஒரு சின்ன முக்கோணத்தைப் பாடுபட்டுப் பிரித்தெடுத்தேன். அம்மாவின் இரட்டைத் தையலில் அது ஓட்டை ஓட்டையாகியிருந்ததால், அளவுக்கு மட்டும் சதுரத்தின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். மழுங்கின அச்சு விட்டுப்போன முனைகளை ஸ்கேல் வைத்துக் கோட்டை நீட்டிச் சரிசெய்தேன். கத்தரியால் வெட்டினேன். மூன்று மூலையும் முழுசாக உள்ள முக்கோணம். கரூர் மெஷினால் முடியாததை நான் செய்துவிட்டேன்.

அத்தை கூடையோடு வந்தாள். நான் கிழிந்ததை ஒரு கையிலும் வெட்டினதை ஒரு கையிலும் நீட்டினேன்.

"கவலப்படாத அத்தை. உன் தையல் பிரியல. துணிதான் சரியில்ல. வேற வெட்டி வெச்சுட்டேன்."

அத்தை கிழிந்ததை வாங்கிப் பார்த்தாள். நடுமண்டையில் ஒரு கொட்டு வைத்தாள், கண்ணில் பொறி பறந்தது. பிறகு கூடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கிழிந்த முக்கோணத்தின் மூன்று பக்கத் தையலையும் பிளேடால் பிரித்தாள். என் முக்கோணத்தை வைத்து ஊசியைக் கோர்த்தாள். பின்னால் வந்த அம்மா பார்த்தாள். நேராகப் போய் அத்தைக்கு வெளிச்சம் மறைக்காத பக்கமாக உட்கார்ந்து, அடுத்த ஊசியில் நூலைக் கோர்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் 'ச்சு' கொட்டவில்லை.

"ரெண்டு பக்கமும் முனை நீட்டிக்கிட்டு நிக்குதுடா" என்றாள் அத்தை.

"அதான் அத்தை சரியான முக்கோணம். வெட்டிராத."

வெட்ட அவளுக்கு நேரமும் இல்லை. மூன்றாவது பக்கம் பாதியில் இருக்கும்போதே கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கும்போது மாமாவின் குரல் வாசலில் இருந்தது.

செக்கிங் அக்கா அம்மாவின் வயதுக்காரர். எழுபது வளைவு ஏறி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. அம்மா சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தையல்தான் முடிந்துவிட்டதே, பலா சட்டமும் முடிந்தது. விருந்தாளிக்கென்று அம்மா முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுக்க ஆரம்பித்தாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

செக்கிங் அக்கா முதலில் ஒரு தாளை எடுத்தார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு கண்ணு. இந்த வேலைய பதினெட்டு வயசு முடிஞ்சவங்கதான் செஞ்சாங்க, பசங்க யாரும் தொடலேன்னு எழுதியிருக்கு."

அத்தை படித்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

அக்கா கட்டத்தை அட்டை மேல் வைத்தார். நான்கு ஓரமும் சேர்ந்தது. எட்டு முனையையும் நகத்தால் தொட்டுப் பார்த்தார். "மேல ஒரு கொறையும் இல்ல" என்றார். மாமா எங்கள் எல்லோரையும் பார்த்து மீசையைத் தடவினார். அக்கா கட்டத்தைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத் தையலில் அவர் விரல் நடந்துகொண்டே வந்தது, ஓர் இடத்தில் நின்றது.

"இதென்ன, காது முளைச்சிருக்கு?"

அக்கா அந்த இடத்தை மாமாவிடம் நீட்டிக் காட்டினார்.

"மத்ததெல்லாம் முனை வெட்டி இருக்கு. இது ஒண்ணு மட்டும் முழுசா இருக்கு. இது எங்க அச்சுல விழுந்த துண்டு இல்லியே. யாரு வெட்டினது?"

மாமா ரொம்ப அக்கறையாக ஒரு கோழியைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாரே, என் முக்கோணம் எவ்வளவு உசத்தி என்று!

"நாந்தானுங்க" என்றாள் அத்தை. "துணி கிழிஞ்சு போச்சுங்க. மொதக் கட்டத்துல இருந்து எடுத்து வெட்டிப் போட்டுட்டேனுங்க. தப்புதானுங்க."

நான் துள்ளி எழுந்தேன். "இல்லீங்க, அது நா..."

அடுத்த எழுத்து வரவில்லை. அம்மா ஒரு பலாச்சுளையை, கொட்டையோடு, என் வாய்க்குள் திணித்துவிட்டாள். எண்ணெய்க் கை என் முகவாயைப் பிடித்து மூடியது.

செக்கிங் அக்கா திரும்பிப் பார்த்தார். "பையன் என்னமோ சொன்னானே?"

"ஒண்ணுமில்லீங்க. பலான்னா அவனுக்கு உசுருங்க. இன்னொண்ணு கேக்கறானுங்க."

"எத்தனாவது படிக்கிறான்?"

"ஆறாவது போறானுங்க" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "கணக்குல புலிங்க."

"அது தெரியுது" என்றார் அக்கா.

அவர் என்னையும், என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த பென்சிலையும் பார்த்தார். அப்புறம் அத்தை பக்கம் சாய்ந்து குரலை இறக்கினார். "நல்லாக் கேட்டுக்க கண்ணு. முனைய வெட்டி அனுப்பறதே துண்டோட துண்டு ஓரம் நேரா உக்காரத்தான். கிழிஞ்சா எங்ககிட்டக் கேட்டு வாங்கு, வெட்டாத. இன்னொண்ணு. படிக்கிற பசங்க கை இதுல பட்டுதுன்னு ஒரு பேச்சு வந்தா, இந்த ஊருக்கு இல்ல, இந்த மலைக்கே கட்டு வராது. எனக்கும் வேல இருக்காது."

"இனிமே நடக்காதுங்க."

அக்கா பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். டிக், டிக். என் முக்கோணத்தின் இரண்டு காதும் பாயில் விழுந்தன. கட்டத்தின் பின்னால் பென்சிலால் ஏதோ கிறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். மாமா கோழியை விட்டுவிட்டு மறுபடியும் பேச ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை மில் வேன் அத்தை இல்லாமல் போயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸின் மேலே முதல் துணிக்கட்டு வந்தது. அம்மாவும் தைக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு மிளகை வைத்து அளந்து அளந்து, அதைத் திட்டிக்கொண்டே தைத்தாள்.

அந்த இரண்டு நாளும் நான் அத்தையோடு பேசவில்லை. என்னுடைய முக்கோணத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டவளோடு என்ன பேச்சு? செவ்வாய் சாயங்காலம் அவளே ஒரு பழத்தை அறுத்து எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் என்ன சாமி கோவம்?"

"நான் வெட்டினத நீ வெட்டினதாச் சொன்னியே."

"சொன்னேன்."

"எதுக்கு?"

"சின்னப் பசங்கள விடக்கூடாதுன்னு உங்க மாமா சொன்னாருல்ல?"

"அது பலாப்பாலுக்குத்தானே? நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். ரெண்டு வாட்டி. வேணும்னா மோந்து பாரு."

இரண்டு கையையும் விரித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அத்தை சிரிக்காமல் மோந்து பார்த்தாள். "ஆமாஞ்சாமி, வாசமாத்தான் இருக்கு" என்றாள். பிறகுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் கை இரண்டையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு விடவேயில்லை.

நான் அவள் பிடியிலிருந்து ஒரு கையை மட்டும் உருவி, சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இத்தனை சுத்தமான கையை இவர்கள் எல்லோரும் சேர்ந்து எதற்காக ஒளித்து வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.